தைப்பவள் பார்க்கக் கூடாது

ஆடி, தேய்பிறை மூன்று

இந்த நோட்டு என் மகன் ஆதனுடையது. முன்பக்கத்திலிருந்து சில தாள்கள் அவன் எழுதியிருக்கிறான். நான் நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசித் தாளிலிருந்து எழுதுகிறேன். அவன் எழுத்து பொடி எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எனக்குப் பெரிய எழுத்துத்தான் வாசிக்க வரும். அதனால் முன்பக்கத்தை வாசிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவன் கடலில் போய் இன்றோடு இரண்டு மாதம். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவன் அவன்தான். எழுதி வைத்தது எங்கேயும் ஓடிப்போகாது என்பான்.

இன்று நெத்திலி காயப் போட்டேன். பூனை ஒரு கை அளவு கொண்டுபோய்விட்டது. பவளத்தின் சேலைகள் நான்கும் துவைத்தாயிற்று.

ஆடி, தேய்பிறை நான்கு

என் மகள் வெண்ணி ஒருநாள் இதை எடுத்து வாசிக்கக் கூடும். அவளுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் சங்கறை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலுக்குள் ஒரு பள்ளம் உண்டு. அதில் இருப்பதற்குப் பெயர் வைக்கக் கூடாது. கீழே இருக்கிறது என்று மட்டும் சொல்வோம். மூன்று பௌர்ணமிக்கு ஒருமுறை, உச்சி வெயிலில், மூழ்கி என்று நாங்கள் சொல்கிற பெண் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் படையல் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு கைக்குள் அடங்குகிற துணிப்பைதான் படையல். அடியில் போய்ப் பையைப் பல்லால் கிழித்து உள்ளே இருப்பதை விட்டுவிட வேண்டும். உள்ளே பொரியும் உப்பும் பூவும் என்று ஊர் சொல்கிறது. படையல் போனால் கடல் அடங்கிக் கிடக்கும்.

பத்தொன்பது வருடமாகப் பவளாயிதான் மூழ்கி. அவளும் நானும் ஒரே தெருவில் மூக்கொழுகத் திரிந்தவர்கள். நாலு பேர் முன்னால் அவளை மூழ்கியம்மா என்பேன். வீட்டுக்குள் பவளம் என்பேன். அவள் எங்கேயும் என்னைக் கொற்றி என்றுதான் கூப்பிடுவாள்.

கயிறு பிடிப்பது நான். இறங்குகிறவள் செத்தால் யார் பிழைப்பு அதிகம் கெடுமோ அவள்தான் கயிறு பிடிக்க வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். அப்போதுதான் கை விடாது. பவளத்துக்குப் புருஷன் பிள்ளை கிடையாது, மூழ்கிக்கு அது ஆகாது. என் வீட்டு அரிசியும் எண்ணெயும் கூரையும் அவளால் வருவது. அதனால் நான். ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை என் இடுப்பில். கீழே இருந்து இரண்டு இழுப்பு வந்தால் தூக்க வேண்டும்.

பையைத் தைப்பதும் நான்தான். அவள் உள்ளே வைத்து மடித்துக் கொடுப்பாள். இருபத்தொரு தையல். தைப்பவள் பார்க்கக் கூடாது.

நான் பார்த்ததில்லை.

ஆடி, தேய்பிறை ஆறு

பவளத்துக்குத் தலை வாரிவிட்டேன். முடி இன்னும் முழங்காலைத் தொடுகிறது. கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, “ஏட்டி, கடல்லதான் உப்பு தின்னுதேன்னா இங்கயும் அதையே ஊத்துதியே” என்றாள். சிரித்தேன். இரண்டு மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததும் குற்றம் செய்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு, ஆதன் துறையில் எழுதுகிற வேலை பார்த்தானே, வீட்டில் தாள் ஏதும் வைத்திருந்தானா என்று கேட்டாள். ஆதனுக்கு வள்ளம் போகும்போதும் வரும்போதும் ஆள் பெயர் எழுதுகிற வேலை. சும்மாதான் கேட்டாள், சீப்பைப் பார்த்துக்கொண்டே.

இல்லை என்றேன்.

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நோட்டைப் பிரிய மனமில்லாமல் இருக்கலாம்.

ஆடி, தேய்பிறை ஏழு

நோட்டை அரிசிப் பானையிலிருந்து எடுத்து உமி மூட்டைக்குள் வைத்தேன்.

ஆடி, தேய்பிறை பத்து

மீன்களத்தில் தாயம்மை என்னைப் பார்த்து, மூழ்கி வீட்டுச் சோறு இளைக்க வைக்குதா என்றாள். வாய்தான் அப்படி. பிறகு இரண்டு அயிலை மீனை என் கூடையில் தூக்கிப் போட்டாள், காசு வாங்கவில்லை.

ஆதனுடைய அரைஞாண் வளையத்தைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் இடுப்புச் செம்பு வளையத்தில் ஒரு வெட்டுப் போடுவோம். ஊரில் நூறு இடுப்பில் அந்த வளையம் இருக்கிறது. ஆதனுக்குப் போடும்போது அரிவாள்மனை சறுக்கி இரண்டாவது வெட்டு விழுந்துவிட்டது. இவனுக்கு ரெட்டைப் பல்லு என்று பவளம் கேலி செய்தாள். அன்றெல்லாம் அவனை அவள் மடியிலிருந்து இறக்க முடியாது.

வைகாசி இறக்கத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்த வளையம் காணாமல் போனது. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், வழியில் விழுந்திருக்கும் என்றான். பவளத்தைத்தான் என் பிள்ளைகள் பெரியம்மா என்பார்கள். பதினெட்டு வயதுக்காரன் இடுப்பு வளையத்தைத் தொலைப்பானா என்று திட்டினேன்.

வைகாசிப் பையைத் தைத்தபோது என் ஆள்காட்டி விரலில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்தது. துணி சுற்றியிருந்தேன். விரலில் உணர்ச்சியே இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இறக்கம் முடிந்த மூன்றாம் நாள், வள்ளத்தில் ஒரு ஆள் குறைகிறது என்று, கரையில் எழுதுகிற என் பிள்ளை ஏறிப் போனான். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. வலையை எட்டிப் பார்த்தான், அப்புறம் ஆளைக் காணவில்லை என்றார்கள். ஒரு துளி தெறிக்கவில்லையாம்.

ஆடி, தேய்பிறை பதின்மூன்று

வெண்ணி சிப்பி பொறுக்கிவிட்டு வந்தவள் கூடையை இறக்கும் முன்பே சொல்லிவிட்டாள். வழியில் பவளத்தைப் பார்த்தாளாம். “பெரியம்மா, அண்ணன் ஏதோ பேர் எல்லாம் எழுதிட்டு உங்கள்ட்டக் கேக்கணும்னு வந்தானே, என்ன கேட்டான்?” என்று கேட்டாளாம்.

பெரியம்மா என்ன சொன்னாள் என்றேன். கன்னத்தைத் தட்டினாள், தலை வாரிவிட வா என்று கூப்பிட்டாள் என்றாள்.

வெண்ணிக்குப் பதினாறு வயது. வாயை மூடத் தெரியாது. அண்ணனைப் போல.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆடி அமாவாசை

எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். உடம்பு கிடைக்காதவனுக்கு எந்தத் திசையில் இறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கடல் பக்கம் இறைக்கப் பிடிக்கவில்லை. ஊர்ப் பக்கம் திரும்பி இறைத்தேன்.

வந்து நோட்டை முன்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். உச்சிப் பொழுதில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஆனது.

பதினோரு இறக்கம் எழுதியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். இறக்கம் முடிந்து ஒன்பது நாளைக்குள் செத்தவர் பெயர். பெயருக்குப் பக்கத்தில் அந்த வீட்டில் அதற்கு முன் தொலைந்த பொருள். ஒருவனுடைய தூண்டில் முள். ஒருத்தியின் சீப்பு. ஒரு கிழவரின் வெற்றிலைப் பாக்குவெட்டி. ஏழாவது பெயர் எங்கள் தெரு மருதி. அவளுக்குக் கடலே ஆகாது என்று கடலுக்கு எட்டாத ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கணுக்கால் அளவு வாய்க்காலில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். தொலைந்தது கால் மெட்டி என்று எழுதியிருக்கிறான்.

கடைசியாக வைகாசி என்று போட்டு, கீழே இடம் விட்டிருக்கிறான். அதற்கும் கீழே: பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.

கேட்டிருக்கிறான்.

ஆவணி, வளர்பிறை இரண்டு

நோட்டைத் தொடக் கூடாது என்றிருந்தேன். முடியவில்லை.

பவளம் கெட்டவள் அல்ல. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்களுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஒரே நாளில் நாற்பத்தொரு வள்ளம் திரும்பவில்லை. என் அப்பா, அவள் அப்பா, அவளுடைய இரண்டு அண்ணன்மார். பழைய மூழ்கிக்கு மூச்சு போதாமல் போயிற்று என்றார்கள். அடுத்த மூழ்கிக்கு ஊர்ப் பெண்களை இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் நானும் பவளமும்தான் நின்றோம். கல்லைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், தண்ணீருக்குள். யார் முதலில் மேலே வருகிறாளோ அவள் தோற்றாள்.

எனக்கு இன்னும் மூச்சு இருந்தது. நிறைய இருந்தது. பவளம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டில் யாரும் மிச்சமில்லை, எனக்கு அம்மாவாவது இருந்தாள். அவள் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். நான் கல்லை விட்டேன்.

என் புருஷன் சாகும்வரை இதை அவனிடம்கூட நான் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் அவள் தன் சங்கு வளையலைக் கழற்றிக் கல்லில் வைத்து உடைத்து, பாதியை எனக்குத் தந்தாள். எனக்கு ஒரு வாய்ச் சோறு இருக்கும்வரை உனக்கும் உண்டு என்றாள். அந்தச் சொல்லில் அவள் தவறியதில்லை. அவள் மூழ்கியான பிறகு நாற்பத்தொன்று மறுபடி நடக்கவும் இல்லை.

ஆவணி, வளர்பிறை ஐந்து

கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, முழம் முழமாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் பிரி தளர்ந்திருந்தது. வெட்டி எடுத்துப் புதிய நாரால் முறுக்கினேன். பழக்கத்தில் செய்துவிட்டேன். செய்து முடித்த பிறகுதான், ஏன் செய்தேன் என்று தோன்றியது.

ஆவணி, வளர்பிறை எட்டு

நான் கிணற்றடியில் இருந்தபோது வெண்ணி பவளத்துக்குத் தலை வாரிவிடப் போயிருக்கிறாள். திரும்பி வந்தவளின் ஒரு காதில் தோடு இல்லை.

வழியில் விழுந்திருக்கும் என்றாள்.

ஆவணி, வளர்பிறை ஒன்பது

பவளத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் காதில் வைக்கிற மெழுகை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தோட்டைப் பற்றி எடுக்கவில்லை. வெண்ணியைக் கடலுக்கு எட்டாத ஏதாவது ஒரு ஊரில் கட்டிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றேன்.

“மருதியக் கட்டிக் குடுத்த மாரியா?” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் மெழுகைக் கீழே வைத்தாள். எனக்கு முன்னால் வந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். மூழ்கி தரையில் உட்காரக் கூடாது.

“அவன் என்கிட்ட வந்தாங் கொற்றி. ஊர் முன்னால வாசிப்பேன்னான். வாசிச்சா ஊரு என்னக் கீழ அனுப்பாது. அனுப்பலேன்னா நாப்பத்தொண்ணு. உங்கப்பா மொகம் எனக்கு ஞாபகம் இருக்கு, உனக்கு இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“மூணு மாசத்துக்கு ஒண்ணு. நான் தூங்காமக் கெடந்து யோசிச்சிதாங் குடுக்கேன். வெசனப்படாமக் குடுத்தேன்னு நெனைக்கியா?”

அவன் உன் மடியில் வளர்ந்தவன் என்றேன்.

“ஆமா.”

வெண்ணியும்தான் என்றேன். வெண்ணி இனிமேல் வாயே திறக்க மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன், நாங்கள் ஊரை விட்டே போகிறோம், காலில் விழுகிறேன் என்றேன். விழவும் செய்தேன். அவள் என் தலையைத் தூக்கிவிட்டுத் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அந்தச் சேலையை நான்தான் துவைத்தேன்.

“அவ கேப்பாட்டி. கேட்டுக்கிட்டே இருப்பா. உனக்குப் பழகிப் போச்சு, எனக்கும் பழகிப் போச்சு. அவளுக்குப் பழகாது.” பிறகு என் வலது கையை எடுத்துப் பார்த்தாள். “என்னைய மட்டும் அப்பிடிப் பாக்காத. பத்தொம்போது வருசமா உன் வெரலுக்குத் தெரியாதா?”

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் அவளுடைய செருப்பு கோணலாகக் கிடந்தது. நேராக எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

ஆவணி, வளர்பிறை பத்து

வெண்ணிக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டிப் பணியாரம் சுட்டேன். என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆவணி, வளர்பிறை பன்னிரண்டு

பவளம் குளிக்கப் போன நேரத்தில் அவள் வீடு முழுக்கத் தேடினேன். பெட்டி, பானை, மாடக்குழி, தலையணை உறை. தோடு இல்லை. அவளுடைய பெட்டியின் அடியில் சங்கு வளையலின் மறுபாதி ஒரு பழந்துணியில் சுற்றி இருந்தது. அந்தத் துணி எனக்குத் தெரியும், ஆதன் பிறந்தபோது நான் கிழித்துக் கொடுத்த என் சேலை.

இருந்த மாதிரியே வைத்தேன்.

ஆவணி, வளர்பிறை பதினான்கு

சாயங்காலம் பவளம் பையை மடித்துக் கொடுத்தாள். நூலும் ஊசியும் நான் கொண்டுபோயிருந்தேன். எப்போதும் போல அவள் எதிரே உட்கார்ந்து தைத்தேன். எப்போதும் போல அவள் தையலை எண்ணினாள். பத்தாவது தையலில் என் பெருவிரலுக்குக் கீழே அது தட்டுப்பட்டது. பூ மாதிரி ஒரு தலை, அதன் பின்னால் திருகாணி.

இருபத்தொன்று என்றாள். பல்லால் நூலைக் கடித்தேன்.

பை விடியும்வரை என்னிடம் இருக்கும், அது வழக்கம். வீட்டுக்கு வந்து வெண்ணியைத் தாயம்மை வீட்டுக்கு உப்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இருபத்தொரு தையலையும் ஊசி முனையால் பிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை உள்ளே பார்த்தேன். பொரி இல்லை, உப்பு இல்லை, பூ இல்லை. என் மகளின் தோடு மட்டும் இருந்தது.

தோட்டை எடுத்துக்கொண்டேன். பையை வெறுமையாக அனுப்பலாமா என்று பார்த்தேன். நாற்பத்தொரு வள்ளம் கண்ணில் வந்தது. வேறு யார் வீட்டுப் பொருளையாவது வைக்கலாம், தாயம்மையின் மீன் கத்தி என் வீட்டில்தான் கிடக்கிறது என்றும் தோன்றியது. தோன்றியது என்பதையும் எழுதுகிறேன்.

என் பெட்டியிலிருந்து சங்கு வளையலின் பாதியை எடுத்து வைத்தேன். அது பவளத்தின் வளையல். என்னிடம் இருப்பது. யாருடையது என்று கீழே இருக்கிறது தீர்த்துக்கொள்ளட்டும். ஒரே கயிற்றில்தான் இரண்டு பேரும் இருப்போம்.

அதே துளைகளில் ஊசியை விட்டு மறுபடி தைத்தேன். இருபத்தொன்று.

தோட்டை வெண்ணியிடம் கொடுத்து, அடுப்படியில் கிடந்தது என்றேன்.

ஆவணிப் பௌர்ணமி

நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

உச்சிப் பொழுதுக்கு வள்ளத்தில் ஏறினோம். துடுப்புக்கு இரண்டு பேர், துறைக்காரர் நல்லந்தை, பவளம், நான். நல்லந்தைதான் ஊருக்குத் தலைவர். கரை நிறைய சனம். வெண்ணியும் நின்றாள்.

பவளத்தின் உடம்புக்கு எண்ணெய் தேய்த்தேன். காதில் மெழுகு வைத்தேன். அவள் தன் இடுப்பு முடிச்சைத் தானே போட்டாள், மூழ்கி முடிச்சு, அதைக் கையால் அன்றி வேறு எதனாலும் அவிழ்க்க முடியாது. என் இடுப்பில் முடிச்சை அவள்தான் எப்போதும் போடுவாள். போட்டாள். பையை அவள் வாயில் கொடுத்தேன். பல்லில் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எதையும் முகத்தில் காட்டவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் அதற்கு உதவியது.

இறங்கினாள். கயிறு என் கைக்குள் ஓடியது, நின்றது. எண்ணத் தொடங்கினேன். எப்போதும் தொண்ணூறில் இரண்டு இழுப்பு வரும்.

முப்பதில் கயிறு லேசாக அசைந்தது. பையைக் கிழிக்கிறாள் என்று தெரிந்தது.

முப்பத்தைந்தில் கயிறு அசையவே இல்லை. அவள் சும்மா இருக்கிறாள். கையில் எதையோ வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

நாற்பதில் ஒரு இழுப்பு வந்தது. எங்கள் வழக்கத்தில் ஒற்றை இழுப்பு கிடையாது. மெல்லத்தான் வந்தது, கையைப் பிடித்து ஒருமுறை அழுத்துகிற மாதிரி.

அதற்குப் பிறகு கீழே இருக்கிறது இழுத்தது. ஆள் இழுக்கிற இழுப்பு இல்லை அது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. என் வயிறு மரத்தில் மோதியது. நல்லந்தை என் காலைப் பிடித்தார். நான் தூக்கினேன். அவள் போகட்டும் என்று நேற்றுத் தைத்தவள்தான் நான். ஆனால் கை தூக்கியது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. பவளம் பவளம் என்று கத்தினேன் என்கிறார்கள், நாலு பேர் முன்னால். தலை தண்ணீருக்குள் போனது. தண்ணீருக்குள்ளும் கண்ணைத் திறந்து தூக்கினேன்.

திடீரென்று கயிறு லேசாயிற்று.

மல்லாந்து விழுந்தேன். அவர்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்தார்கள். அறுந்துவிட்டது என்றார் ஒருவர். நான் முனையைப் பார்த்தேன். அறுந்த கயிற்றில் பிரி சிலும்பி நிற்கும். இது சிலும்பவில்லை. முடிச்சு இருந்த இடத்தில் வளைவு மட்டும் இருந்தது.

அவிழ்த்திருக்கிறாள்.

ஆவணி, தேய்பிறை ஒன்று

கடல் அடங்கிக் கிடக்கிறது. பவளத்தின் கஞ்சிக்கு அரிசி களைந்துவிட்டேன். பிறகு கோழிக்குக் கொட்டினேன்.

ஆவணி, தேய்பிறை ஐந்து

நல்லந்தை வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். என் வீட்டு வாசலில் அவர் இதுவரை செருப்பைக் கழற்றியதில்லை. கையில் பவளத்தின் வீட்டுச் சாவியும் இறங்குகிற துணியும் இருந்தன.

“தாயி, அடுத்த எறக்கம் கார்த்திகையில. ஒனக்கு மூச்சு உண்டுன்னு, அன்னைக்கு ஒங்ககூட முங்கிப் பாத்த எங்கக்கா அப்பவே சொன்னா. நீ கல்ல விட்டத அவ பாத்திருக்கா.”

எனக்கு வயதாகிவிட்டது என்றேன். பவளத்துக்கும் அதே வயதுதானே என்றார். சாவியைப் படியில் வைத்தார்.

கயிறு யார் பிடிப்பது என்று கேட்டேன். வழக்கப்படி உன் மகள்தான் என்றார்.

பை யார் தைப்பது என்று கேட்கவில்லை.

அவர் போனதும் வெண்ணி அந்தத் துணியை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள். பிடுங்கி அடுப்பில் வைத்தேன். உப்பு ஏறிய துணி, எரியாமல் புகைந்தது.

ஆவணி, தேய்பிறை ஒன்பது

ஒன்பது நாள் முடிந்தது. வெண்ணி இருக்கிறாள். சிப்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே போனாள்.

இன்று ஆதனின் பக்கங்களைத் திருப்பினேன். வைகாசிக்குக் கீழே அவன் விட்ட இடத்தில் அவன் பெயரை எழுதினேன். ஆவணி என்று போட்டுப் பவளாயி என்று எழுதினேன். பொருள்: சங்கு வளையல் பாதி. வைத்தது: கொற்றி.

அவன் பதினோரு இறக்கம்தான் எழுதியிருக்கிறான். அதற்கு முன்னால் உள்ளவற்றை நான் எழுதுகிறேன். பெயர் எல்லாம் எனக்குத் தெரியாது. பொருள் தெரியும். முதல் இறக்கம், ஒரு பித்தளைப் பொத்தான். இரண்டாவது, சோழி. மூன்றாவது, பால்பல் ஒன்று, கூராக. நான்காவது, சாவி. ஐந்தாவது ஊசி, அது துணியைத் தாண்டி என்னைக் குத்தியது, ரத்தத் துளி பட்ட பையைத்தான் அவள் கொண்டுபோனாள். இப்படியே போகிறது. அறுபத்தைந்தும் என் விரலில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் ஒன்பது நாளுக்குள் ஊரில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நாளைக் காலையில் மீன்களத்தில் எல்லாரும் கூடும் நேரத்தில் இதை வாசிக்கப் போகிறோம். எனக்கு வேகமாக வாசிக்க வராது, வெண்ணிதான் வாசிக்க வேண்டும். நல்லந்தை இருப்பார், தாயம்மை இருப்பாள், மருதியின் அம்மா இருப்பாள். கார்த்திகையில் கடல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பவளம் சொன்ன நாற்பத்தொன்று பொய்யல்ல. அதற்கு என்ன செய்வது என்று ஊர் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். இத்தனை நாள் இரண்டு பெண்கள் மட்டும் முடிவு செய்தோம். அதில் ஒருத்தி, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே செய்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது.

வைகாசியில் என் விரலில் முள் குத்தவில்லை. துணியும் சுற்றவில்லை. அன்று பைக்குள் இருந்தது ஒரு வளையம். ஒரு வெட்டு தட்டுப்பட்டது. ஊரில் நூறு இடுப்பில் இருக்கிற வளையம்தானே என்று நினைத்தேன். வேறு எவளோ பெற்ற பிள்ளையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆதன் வளையத்தைத் தொலைத்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அது எனக்கு மறக்கவில்லை. பதினைந்தாவது தையலில் பையை இன்னொரு பக்கம் திருப்பினேன். பெருவிரலை வைத்தேன்.

இரண்டாவது வெட்டும் இருந்தது.

பவளம் எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மிச்சம் ஆறு தையலையும் போட்டேன்.

வெண்ணி, நீ களத்தில் நின்று வாசிக்கும்போது இந்த இடம் வரும். உன் குரல் நின்றுவிடும். என்னைத் திரும்பிப் பார்ப்பாய். நான் உன் பக்கத்திலேயே நிற்பேன், எங்கேயும் போய்விட மாட்டேன். நிறுத்தாதே. வாசி.